கார்த்திகை மாப்பிள்ளை

நவம்பர் 5

கேஸ் வந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவியாயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு மிருதுளா அந்தப் பையனை அழைத்து வந்தாள்.

பெயர் நவநீதன். கோபிப் பக்கம். இவள் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் வேலை. அம்மா இல்லை, அப்பா ஊரில் அண்ணனோடு இருக்கிறார். செல்போன் செயலியில் பார்த்துப் பழகி ஒரு வருடம் ஆகிறதாம். தையில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க வந்திருந்தார்கள். கேட்டது மிருதுளா. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாதுவான முகம். ஆனால் தண்ணீர் டம்ளரை எடுக்கும்போது விரல் நடுங்கியது. இன்னொரு கையால் பிடித்து மறைத்தான். நான் ரசம் ஊற்றுவதில் கவனமாக இருப்பதுபோல் இருந்தேன்.

அவன் போன பிறகு கேட்டேன். “குடிப்பானா?”

“எல்லாரும்தாம்மா குடிக்கிறாங்க. நானும்தான் குடிக்கிறேன். உனக்குத் தெரியாதா என்ன?”

தெரியும். அவள் அலமாரியில் பழைய சுடிதார்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரியும். அங்கே மட்டும் நான் துணி அடுக்குவதில்லை.

நவம்பர் 8

என் கண்ணாடிக் கடையில் கூட்டம். கண்ணாடி போடும் வயது பத்துக்கு இறங்கிவிட்டது. மாலையில் நவநீதன் வந்தான். மிருதுளா அனுப்பினாளாம். உட்காரவைத்துப் பார்த்தேன்.

“இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?”

“ரெண்டும் ஒண்ணு மாதிரித்தானுங்க ஆன்ட்டி இருக்குது.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“நீங்க எதைச் சொல்றீங்களோ அதையே போட்டுக்கறேனுங்க.”

சிரித்துவிட்டேன். பவர் ஒன்றும் இல்லை. கண்ணில் சிவப்பு மட்டும் இருந்தது. சரியாகத் தூங்குவதில்லை என்றான்.

நவம்பர் 12

மிருதுளாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் இரண்டு பேரும் குடிக்காமல் ஒரு தடவையாவது சந்தித்திருக்கிறீர்களா?

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். ரொம்ப நேரம் யோசித்தாள். அந்த யோசனைதான் என்னைப் பயமுறுத்தியது.

“எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தானே.”

“அதைத் தவிர?”

“ஆபீஸ் கேட்டுல ஒரு தடவை. ஹாய்னான். நானும் ஹாய்னேன்.” பிறகு அவளே சொன்னாள். “நீ நினைக்கிற மாதிரி விழுந்து கிடக்கிறதில்லம்மா. ரெண்டு ரவுண்டு போனாத்தான் பேச்சு வரும். முதல் நாளே காபி வாங்கிக் குடுத்தா இன்டர்வியூவுக்கு உக்காந்த மாதிரி இருக்கும். குடிச்சா அவன் எப்படிப் பேசுவான் தெரியுமா? அவங்க அம்மா போனதைச் சொல்லி அழுதிருக்கான். நான் அப்பாவைப் பத்திச் சொல்லியிருக்கேன். யார்கிட்டயும் சொல்லாததெல்லாம்.”

என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் காபி மட்டும் குடித்துவிட்டு வாருங்கள் என்றேன். போனார்கள். அரை மணியில் திரும்பிவிட்டாள்.

“என்ன பேசினீங்க?”

“பார்க்கிங் பத்தி.”

நவம்பர் 15

நவநீதன் போன் செய்தான். அலுவலக நண்பர்கள் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடுகிறார்களாம். ஒரு மண்டலம் குடியை விட அதுதான் ஒரே வழி, போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டான். என்னிடம் ஏன் கேட்டான் என்று தெரியவில்லை. கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மாலை வாங்க வேண்டாம், என்னிடம் ஒன்று இருக்கிறது என்றேன்.

நவம்பர் 17

விடியற்காலை கோயில். தலைக்குக் குளித்து, கறுப்பு வேட்டியில் நடுங்கிக்கொண்டு நின்றான். குருசாமி மாலையை வாங்கி மணிகளை விரலால் உருட்டிப் பார்த்தார்.

“இது புது மாலை இல்லைங்களே. யாரு போட்டதுங்க?”

“பழனியில வாங்கி வெச்சிருந்தேனுங்க,” என்றேன்.

“வேர்வை ஏறின மணி மாதிரி இருக்குதுங்க.” மேலே ஒன்றும் கேட்காமல் மந்திரம் சொல்லிக் கழுத்தில் போட்டார்.

இறந்தவர் போட்ட மாலையை ஆற்றில் விட்டுவிடுவதுதான் முறை. அந்த வருடம் நொய்யலில் தண்ணீர் இல்லை. அப்புறம் மறந்துபோயிற்று.

இன்று முதல் அவன் பெயரைச் சொல்லக்கூடாது. சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவனும் யாரையும் பெயர் சொல்ல மாட்டான். ஆண்கள் எல்லாரும் சாமி. பெண்கள் எல்லாரும் மாளிகைப்புரம். மிருதுளாவைப் பார்த்து அவன் முதல் தடவையாக அப்படிச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

நவம்பர் 20

சாமி தினமும் மாலை பூஜை முடிந்து இங்கேயே சாப்பிடட்டும் என்று சொல்லிவிட்டேன். அறை நண்பர்கள் கோழி சமைக்கிறார்களாம்.

நவம்பர் 24

கரையான் மருந்து அடிக்கவேண்டி நாற்காலிகளை மாடிக்கு ஏற்றினேன். ஜன்னல் ஓரத்தில் ஒன்று மட்டும் இருக்கிறது. சாமி வந்து தானாகவே அதில் உட்கார்ந்தது. மிருதுளா அப்பாவுடைய நாற்காலி அது. ஈரத்துண்டை நாலாக மடித்து இடது தோளில் போட்டிருந்தது. அவரும் இடது தோளில்தான் போடுவார்.

தாடி வந்துவிட்டால் எல்லா ஆண்களும் ஒரே மாதிரித்தான். கறுப்பு வேட்டி, சந்தனம், செருப்பில்லாத கால். பின்னாலிருந்து பார்த்தால் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

கை நடுங்கவில்லை. டம்ளரை ஒரே கையில் தூக்கிக் குடித்தது.

நவம்பர் 28

மிருதுளாவுக்குத் தூரமான நாள். சாமி சாப்பிட வரும் வீடு. அந்த மூன்று நாளும் தோழி வீட்டில் இருந்துகொள்ளச் சொன்னேன்.

பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று கேட்டாள். “இது யாரு வீடும்மா?”

நியாயமான கேள்விதான். ஆனால் விரதம் என்றால் விரதம். கூட்டுக்குத் தேங்காய் அரைத்து வைத்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்று உள்ளே போனேன். வந்தபோது போய்விட்டிருந்தாள்.

டிசம்பர் 2

மிருதுளாவுக்கு விடுமுறை. மதிய வெயிலில் இரண்டு பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். வடகம் காயவைக்கப் போனேன். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடைவெளி. சாமி தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வடகத்தை மெதுவாகவே பிழிந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கீழே வந்து சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

“அம்மா, அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்ல.”

“எது?”

“நான் அப்பா பத்திச் சொன்னது. இன்னிக்கு அதைத் தொட்டுப் பேசினேன். முழிக்கிறான். அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் கேட்டான்மா. இப்பக் கேட்டா, அப்படியா, எப்ப சொன்ன, அப்படிங்கறான். நான் ஒருத்தன்கிட்ட குடுத்து வெச்சேன். அந்த ஆளு இவன் இல்ல.”

“நல்லதுதான் கண்ணு. குடியில கேட்டதெல்லாம் அப்படித்தான் போகும்.”

“நல்லதா?”

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வடகத்தில் உப்பு கூடிவிட்டது.

டிசம்பர் 3

மதியம் ஒரு தோழியின் பிறந்தநாள் என்று போன மிருதுளா, சாமி சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கண் மை வழிந்திருந்தது. நேராக அவன் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“டேய் நவி. என்னைப் பாருடா. நான்தான்.”

சாமி தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டது.

“அன்னிக்குப் பாட்டெல்லாம் பாடினியேடா. ஒரு வரி பாடு.”

“மாளிகைப்புரம், போய்ப் படுத்துக்கங்க.”

அவள் சிரித்தாள். சிரித்தது அழுகையாக மாறுவதற்குள் கைத்தாங்கலாக அவளை அறைக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வந்தபோது சாமி வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்திருந்தது.

“எப்பவும் இப்படித்தான் இருப்பாங்களாங்க?”

“நீ பாத்ததில்லையா?”

“பாத்திருப்பேனுங்க. ஆனா அப்ப நானும்...” முடிக்கவில்லை. “யாரோ மாதிரி இருக்குதுங்க.”

டிசம்பர் 4

இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது. வெயில் இல்லை.

டிசம்பர் 10

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிடுகிறேன்.

காலையில் மிருதுளா பூஜை அலமாரியைத் திறந்து பார்த்தாள். காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

“அப்பா மாலையையா அவனுக்குப் போட்டிருக்க?”

சும்மா கிடந்தது, என்றேன்.

“அந்த நாற்காலி. அந்தத் துண்டு. அப்பாவோட பச்சைப்பயறு சுண்டல். நேத்து அவன் கதவைத் திறந்து உள்ள வரும்போது நான் ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டேன். நான் யாரைக் கட்டிக்கப் போறேன்மா?”

“உங்கப்பா கார்த்திகையில எவ்வளவு நல்லா இருப்பார்னு உனக்கு ஞாபகமில்ல.”

“ஞாபகம் இருக்கு. மத்த மாசமும் ஞாபகம் இருக்கு. அப்பல்லாம் நான் கட்டிலுக்கு அடியிலதான் தூங்குவேன். நீ வெளியில இருந்து ‘சத்தம் போடாத கண்ணு’ன்னு சொல்லுவ.”

அவள் அப்போது சின்னப் பெண். சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் நிஜமும் கலந்துதான் ஞாபகம் இருக்கும். கட்டிலுக்கு அடியில் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

அவர் வருடா வருடம் மாலை போடுவார். அந்த ஒரு மண்டலம் எங்கள் வீட்டில் கதவுகள் மெதுவாகச் சாத்தப்படும். என் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் சாப்பாடு கேட்கக்கூட வாசலில் வந்து நின்று காத்திருப்பார். அந்த மனிதரோடுதான் நான் குடித்தனம் நடத்தினேன். மற்றவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 19

இருமுடி கட்டு. தேங்காயில் நெய் நிரப்பும்போது வீட்டுப் பெண்கள் அரிசி போட வேண்டும். மிருதுளா வரவில்லை. நான் மூன்று தடவை போட்டேன். அவளுக்கும் சேர்த்து என்று வைத்துக்கொள்ளலாம். சாமி தலையில் கட்டோடு திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறியது. திரும்பிப் பார்க்கக்கூடாது.

டிசம்பர் 21

வீடு காலியாக இருக்கிறது. மிருதுளா இருக்கிறாள்.

டிசம்பர் 22

இன்று நன்றாக இருந்தது. மிருதுளா விடுப்பு எடுத்தாள். மாடியிலிருந்த நாற்காலிகளை அவளே இறக்கினாள். “கரையான் எங்கம்மா இருக்கு, ஒரு பொட்டுகூட இல்ல” என்று கேலி செய்தாள். பரோட்டா வாங்கி வந்தாள். சால்னாவை நான் புடவையில் ஊற்றிக்கொண்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாப்பிட்டு முடித்து, அலமாரியிலிருந்து அந்த பாட்டிலைத் தானே எடுத்து வந்து கழுவுதொட்டியில் கவிழ்த்தாள்.

“பிறந்தநாளுக்குப் போனேன்ல, அன்னியோட நிறுத்திட்டேன். உனக்குத் தெரிஞ்சுதா?”

தெரியவில்லை. தெரிந்தது என்றேன்.

“அவன் முழிச்ச முழியைப் பாத்தேன்மா. நானும் அவனுக்கு யாரோதான். ரெண்டு பேரும் ஒரு வருசமா வேற ரெண்டு பேரை லவ் பண்ண விட்டுட்டு வேடிக்கை பாத்திருக்கோம்.” தண்ணீரைத் திறந்து வாசனை போகும்வரை விட்டாள். “எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அவன் வந்ததும் மாலையைக் கழட்டட்டும். நான் குடிக்காம, அவன் குடிக்காம, சாமியாவும் இல்லாம, சும்மா கொஞ்ச நாள் பழகிப் பாக்கணும். பிடிச்சா கட்டிக்கிறேன். பிடிக்கலைன்னா பெங்களூருக்கு மாத்தல் கேட்டிருக்கேன், போயிடுவேன். நடுவுல நீ வராத. சரியா?”

சரி என்றேன். தலையில் கைவைத்துச் சத்தியமா என்றாள். சின்ன வயதில் செய்வதுபோல என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 24

சாமி வந்தாயிற்று. அரவணைப் பாயசம், நெய், விபூதி. கால் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. மாலையை உடனே கழற்றலாம் என்றார் குருசாமி. இன்று நாள் சரியில்லை என்றேன்.

டிசம்பர் 25

இன்றும் சரியில்லை.

டிசம்பர் 27

மிருதுளா விடியற்காலையிலேயே அவனைக் கோயிலுக்கு அழைத்துப்போய்விட்டாள். என்னை எழுப்பவில்லை. குருசாமி கையாலேயே கழற்றியாயிற்றாம். ஒன்பது மணிக்கு வாசலில் யாரோ ஒரு பையன் நிற்கிறானே என்று பார்த்தேன். முகத்தை மழித்து, நீலச் சட்டை போட்டு, செருப்போடு நின்றான்.

“யாரு வேணும்?” என்று கேட்டுவிட்டேன்.

“நாந்தானுங்க ஆன்ட்டி. நவநீதன்.”

மாலையை என்னிடம் கொடுத்தான். இன்னும் சூடாக இருந்தது.

இரண்டு பேரும் ரேஸ்கோர்ஸில் நடக்கப் போனார்கள். மதியம் திரும்பும்போது மிருதுளாவின் மூக்கு வெயிலில் சிவந்திருந்தது.

“என்ன பேசினீங்க?”

“ஒண்ணும் பெருசா பேசலம்மா. சுத்திச் சுத்தி நடந்தோம். சோளம் வாங்கித் தந்தான். பேசாம இருந்தும் ஒண்ணும் பண்ணல. நல்லா இருந்துச்சு.” கொஞ்சம் பொறுத்து, “அப்பா பத்தி மறுபடியும் முதல்ல இருந்து சொன்னேன். கேட்டான்,” என்றாள்.

டிசம்பர் 28

அவர் இறந்த நாள். மாலை கழற்றிய மறுநாள் காலை நண்பர்கள் வந்து அழைத்துப்போனார்கள். பாலக்காடு சாலையில் லாரி. கழுத்தில் மாலை இருந்திருந்தால் அவர் அந்த வண்டியில் ஏறியே இருக்க மாட்டார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இதில் சந்தேகமும் இல்லை.

இலை போட்டுப் படைத்தேன். மிருதுளா நவநீதனோடு வெளியே போயிருந்தாள். போன் செய்தேன். சிரித்துக்கொண்டே எடுத்தாள். பின்னால் அவன் குரல் கேட்டது. அது கழற்றிய மறுநாள் குரல்.

டிசம்பர் 31

மாலை நாலரை மணி. மிருதுளா அலுவலகத்திலிருந்து ஆறு மணிக்கு வருவாள். நவநீதன் மட்டும் வந்தான். செருப்பைக் கழற்றத் தெரியாதவன் போல வாசலில் நின்றான். குடிக்கவில்லை. ஆனால் விரல் பழையபடி நடுங்கியது.

“ரூம்ல பசங்க எல்லாம் வாங்கி வெச்சிருக்காங்க. கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க ஆன்ட்டி. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒரே பயமா இருக்குதுங்க. மிருதுளா வர்ற வரைக்கும் இங்க உக்காந்துக்கட்டுங்களா? அவகிட்ட சொல்லிட்டா சரியாயிடுமுங்க.”

உட்கார் என்று சொல்லியிருக்கலாம். காபி போட்டுக் கொடுத்திருக்கலாம். நாற்காலிகள் நிறைய இருந்தன.

அவன் கழுத்தைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. மணிகள் அழுத்தியிருந்த இடம் மட்டும் வெளுத்து, வளையம்போல் தெரிந்தது.

“போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வா.”

“ஏனுங்க?”

“பச்சைத் தண்ணியில. வேட்டி உள்ளதான் இருக்கு.”

“மண்டலம்தான் முடிஞ்சுதுங்களே. குருசாமி இல்லாம...”

“மகர விளக்கு வரைக்கும் போடலாம். பயமா இருக்குன்னியே.”

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் பரிசோதனையில் பார்த்தானே, அதே பார்வை. பிறகு குளியலறைக்குப் போனான். தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. ஈரத்தோடு வந்து தலையைக் குனிந்தான். நானே போட்டேன். மந்திரம் முழுதாகத் தெரியாது. சரணம் மட்டும் சொன்னேன்.

நடுக்கம் நின்றுவிட்டது. கண்ணால் பார்த்தேன்.

மிருதுளா வந்தாள். கையில் கேக் பெட்டி. ஜன்னல் ஓர நாற்காலியில் சாமி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“நவி,” என்றாள். “எழுந்து வா.”

அவன் எழுந்திருக்கத்தான் செய்தான். இரண்டு அடி வைத்தான். நான் இடையில் சொன்னேன், “சாமியைப் பேர் சொல்லிக் கூப்பிடாத கண்ணு.”

அவன் நின்றுவிட்டான். குனிந்துகொண்டான். “சாமி சரணம், மாளிகைப்புரம்.”

“சத்தியம் பண்ணினியேம்மா,” என்றாள் மிருதுளா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கேக்கை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம், ஜிப் இழுக்கும் சத்தம். நான் அடுப்பில் பாலை வைத்திருந்தேன். பொங்கினால் மேடை நாசமாகிவிடும்.

வாசலுக்கு வந்து பார்த்தபோது அவள் செருப்பு இல்லை.

ஜனவரி 2

கேக்கில் முட்டை இருக்குமே. எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். சாமிக்கு ஹாலில் பாய் விரித்திருக்கிறேன். தினமும் அறையிலிருந்து வந்துபோவது வீண் அலைச்சல்.

ஜனவரி 6

மிருதுளா பெங்களூரில் சேர்ந்துவிட்டாளாம். அவள் தோழி சொன்னாள். நல்ல கம்பெனி. குளிர்தான் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

ஜனவரி 9

காலையில் மிருதுளா போன் செய்தாள். ஊரைவிட்டுப் போன பிறகு முதல் தடவை.

“சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். பின்னால் பஸ் சத்தம்.

“அவன் போன் ஸ்விட்ச் ஆஃப்லயே இருக்கு. அவன்கிட்ட ஒரு நிமிசம் குடு. ஒரே ஒரு நிமிசம்மா. அவன் வாயால வரலைன்னு சொல்லிட்டா நான் விட்டுடறேன்.”

“சாமி பூஜையில இருக்கு கண்ணு,” என்றேன்.

“எப்ப முடியும்?”

“தெரியல.”

அவள் வைத்துவிட்டாள். எதிரில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த சாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தது. எல்லாம் கேட்டிருக்கும், போன் சத்தம் எப்போதும் அதிகமாகத்தான் வைத்திருப்பேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. காத்திருந்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டு தட்டை நீட்டியது.

இன்னொரு இட்லி வைத்தேன்.